நொட்டையார் பார்த்த வீடுகள்

லிப்ட் பழுது பார்க்கும் தொழிலில் அவர் மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வீட்டுத் தரகர்கள் மத்தியில்தான் அவர் பெயர் கெட்டுப்போயிருந்தது. எந்த வீட்டைக் காட்டினாலும் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவார் என்பதால், வாய்த்துடுக்கான தரகர் ஒருவர் அவருக்கு 'நொட்டையார்' என்று பெயர் வைத்துவிட்டார். கடைசியில் 'ஆர்' போட்டு மரியாதை கொடுத்திருந்ததால் அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்பெனி அவரைப் பெரிய நகரத்துக்கு மாற்றியபோது மகளுக்கு ஒன்பது வயது. மகன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். சம்பளம் கொஞ்சம் கூடியது. அந்த நகரத்து வாடகையோடு ஒப்பிட்டால் அது கூடியதாகவே தெரியாது, அவ்வளவுதான்.

"முதல்ல நான் போறேன். ரெண்டு மாசத்துல நல்ல ஏரியாவா பாத்து ஒரு வீடு பிடிச்சிடறேன். அப்புறம் நீங்க வந்துடுங்க," என்று மனைவியிடம் சொன்னார்.

பஸ் ஏற்றிவிட வந்த மச்சினன், "மாமா, வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்ல, சீக்கிரம் பாருங்க. அக்கா தனியா ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு முழி பிதுங்கிடுவா," என்றான்.

"எப்படி இருந்தாலும்னா? புள்ளைங்க வளரப் போற இடம்டா!" என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

அது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. அவர் வளர்ந்தது ஒரு சரக்குக் கிடங்குக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறை வீடுகளில். விளையாட வேறு இடமில்லாமல் பிள்ளைகள் லாரி நிறுத்துமிடத்தில்தான் விளையாடுவார்கள். ஒரு நாள் பின்பக்கமாக வந்த லாரியில் அவருடைய தம்பிக்கு ஒரு கால் போனது. வாடகை குறைவு என்று அந்த இடத்தைப் பிடித்த அப்பா, அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் வீட்டில் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. அந்த முகம் தனக்கு வரக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

நகரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே கம்பெனி ஓர் அறை எடுத்துக் கொடுத்திருந்தது. கூட ஒரு எலக்ட்ரீஷியன். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் யாரோ விட்டுப்போன கண்ணாடி. ரெண்டு மாசம்தானே என்று பெட்டியிலிருந்து துணிகளைக்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை.

முதல் வீட்டைத் தரகர் காட்டியபோதே அது அவர் ஏற்கெனவே லிப்ட் பார்த்த கட்டடம் என்று தெரிந்துவிட்டது. வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் அந்த லிப்ட்டுக் குழியிலிருந்து அவரே வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்திருந்தார். மழை வந்தால் தெருவே குளமாகும் என்று அர்த்தம். கொசு, காய்ச்சல், பிள்ளைகள். வேண்டாம் என்றார். அது நியாயமான காரணம்தான், தரகரும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது வீட்டைப் பார்த்ததும் அவருக்கே பிடித்துப்போனது. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். தெருவில் வண்டி அதிகமில்லை. வாடகை கொஞ்சம் கையைக் கடிக்கும், ஆனால் சமாளிக்கலாம். போட்டோ எடுத்து அனுப்பினார். மனைவி உடனே போன் செய்தாள்.

"நல்லா இருக்குங்க. இதையே முடிச்சிடுங்க. சமையக்கட்டுல ஜன்னல் வேற இருக்கு."

"முடிச்ச மாதிரிதான். நாளைக்கு முன்பணம் கொடுத்துடறேன்."

அவள் அந்த வார்த்தையை நம்பி, ஊர் மாறப்போவதாக மகளின் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து மகளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்து, கைதட்டி வழியனுப்பி வைத்தார்கள். பக்கத்தில் உட்காருகிற தோழி தேம்பித் தேம்பி அழுதாளாம்.

மறுநாள் முன்பணத்தோடு போனவர், கடைசியாக ஒரு தடவை என்று அந்தக் கட்டடத்தின் லிப்ட்டில் ஏறி இறங்கினார். நாலாவது மாடியைத் தாண்டும்போது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. வாயால் சொல்லக் கூடாத வார்த்தைகள். பாத்திரம் விழும் சத்தம். பிள்ளைகள் காதில் இதுதான் தினமும் விழுமா? பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"சார், சண்டை இல்லாத வீடுதான் வேணும்னா ஆளே இல்லாத வீடாத்தான் பாக்கணும்," என்றார் தரகர். அன்றைக்குத்தான் நொட்டையார் என்ற பெயர் பிறந்தது.

அந்த வாரக் கடைசியில் மனைவி போனில் ஒன்றும் திட்டவில்லை. "சரி, வேற பாருங்க," என்று மட்டும் சொன்னாள். மகள் மறுபடியும் அதே வகுப்புக்குப் போனாள். வழியனுப்பிய பிள்ளைகள் "பேனாவுக்காகப் பொய் சொன்னியா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவள் பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போக, அதையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இதெல்லாம் அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் பார்த்த வீடுகளைச் சொல்லி மாளாது. ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குப் போக லாரி ஓடும் சாலையைக் கடக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் முகம் சுருங்கித் திரும்பிவிட்டார். ஒன்றில் கீழே ஊஞ்சல், சறுக்கு எல்லாம் இருந்தன. 'பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது' என்று ஒரு பலகையும் இருந்தது. ஒன்றில் எதிர்வீட்டுக்காரரின் பார்வை சரியில்லை. ஒன்றில் எல்லாமே சரியாக இருந்தது, வாடகை மட்டும் சம்பளத்தில் முக்கால்வாசியை விழுங்கும். லிப்ட்காரர் என்பதால் நகரத்தின் பாதிக் கட்டடங்களுக்குள் போய் வருகிற வாய்ப்பு அவருக்கு இருந்தது. மற்றவர்கள் குடிவந்த பிறகு தெரிந்துகொள்கிற கோளாறுகளையெல்லாம் அவர் குடிவருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டார். அதனால் எங்கேயும் குடிவர முடியவில்லை.

எலக்ட்ரீஷியன் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, நீங்க வீடு தேடறீங்களா, இல்ல வீடு வேணாம்னு காரணம் தேடறீங்களா?"

"உனக்குப் புள்ளகுட்டி இருந்தா இப்படிப் பேச மாட்ட," என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு அந்தப் பையனுக்கே கல்யாணமாகி, கிடைத்த வீட்டில் குடித்தனம் வைத்து, குழந்தையும் பிறந்துவிட்டது.

ஊரில் மனைவி சிறுவர் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் அரைநாள், பிறகு முழுநாள், பிறகு கடைச் சாவியே அவள் கையில் வந்தது. மகனுக்கு மச்சினன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததை, வீடு திரும்பிய பிறகுதான் அவரிடம் சொன்னார்கள். "நீங்க அங்கேருந்து என்ன பண்ணப் போறீங்க, பதறத்தான் செய்வீங்க," என்றாள் மனைவி. அவள் சொன்னது உண்மைதான். அதனால்தான் அது வலித்தது. மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போவார். போனால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கூட இருப்பார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நாலு வருஷம் கழித்துத்தான் அந்த வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்தின் பின்வாசல். இடையில் வண்டியே வராத நடைபாதை. வேலி போட்ட பூங்கா, தெருமுனையில் டாக்டர், அதற்கடுத்து நூலகம். சாயங்காலம் அம்மாக்கள் கூட்டமாக உட்கார்ந்து பேச, பிள்ளைகள் சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் வந்து பார்த்தார். லிப்ட்டுக் குழியில் தண்ணீர் இல்லை. லிப்ட்டில் ஏறி இறங்கிக் காது கொடுத்துக் கேட்டார். யாரோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுதான் கேட்டது. தரகரிடம் தலையாட்டியபோது தரகர் நம்பாமல், "நிஜமாவா சார்? ஒரு நொட்டைகூட இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

முன்பணம் கொடுத்தார். தானே வெள்ளையடித்தார். பிள்ளைகளின் அறையில் பள்ளிக்கூடப் பை மாட்டச் சுவரில் கொக்கிகள் அடித்தார். மகனுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும் என்று தன் தொடையளவுக்கு அடித்தார்.

லீவு நாளில் மூன்று பேரும் வந்தார்கள். மகன் தோளிலிருந்த பையைக் கழற்றி அந்தக் கொக்கியில் மாட்டினான். பையின் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்தது. அவன் இப்போது அவர் நெஞ்சுக்கு வளர்ந்திருந்தான். அப்பாவைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவன் மெல்லப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

அவர் பூங்காவைக் காட்டினார், நூலகத்தைக் காட்டினார், பள்ளிக்கூடத்தைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மனைவி "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

"இடம் ரொம்ப நல்லா இருக்குங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நாங்க வரல."

அவருக்கு முதலில் புரியவில்லை. "வரலன்னா? இந்த மாசம் வரலையா?"

"வரப்போறதே இல்லங்க. பெரியவ இப்ப அங்க நல்லாப் படிக்கறா. மறுபடியும் போறேன்னு சொல்லிட்டு, போன தடவை மாதிரி போகாம நின்னுடுவோமோன்னு அவளுக்குப் பயம். போறதுக்கும் இஷ்டமில்ல. சின்னவனுக்கு அவன் மாமாதான் எல்லாம். எனக்குக் கடை இருக்கு."

"அப்ப நான் இத்தனை வருஷம் யாருக்காக நாயா அலைஞ்சேன்?"

"எங்களுக்காகத்தான். நான் இல்லன்னு சொல்லலையே."

"பின்ன?"

அவள் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அந்த ரெண்டாவது வீட்டை முடிச்சிருந்தீங்கன்னா, நாலாவது மாடிக்காரங்க சண்டையக் கேட்டுக்கிட்டாவது ஒண்ணா இருந்திருப்போம். அப்பல்லாம் நான் தினமும் உங்க போனுக்காகக் காத்திருந்தேன். அப்புறம் காத்திருக்கறதை விட்டுட்டேன். எந்த நாள்ல விட்டேன்னு எனக்கே தெரியல."

அவர் கத்தினார். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். அவள் எழுந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். அவர் குரல் லிப்ட்டில் போகிறவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

மூன்று பேரும் சாயங்காலப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். அவர் அந்த வீட்டில் தனியாகத் தங்கினார். வேலை முடிந்து வந்தால் பூங்கா பெஞ்சில் உட்காருவார். அவர் வந்து உட்கார்ந்ததும் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி விளையாடச் சொன்னார்கள். முதலில் அதை அவர் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு பெஞ்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கதவைத் தட்டினார். தலை நரைத்த, பதமாகப் பேசுகிற மனிதர்.

"தப்பா நினைச்சிக்காதீங்க சார். இது பேமிலி ஏரியா. பேச்சிலர்களுக்கு வீடு விடறதில்லன்னு விதி இருக்கு. ரெண்டு மூணு பேர் வந்து சொன்னாங்க."

"நான் பேச்சிலர் இல்ல சார். எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க."

"இருக்கலாம் சார். இங்க இல்லையே."

தான் தேடியபோது இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சந்தோஷப்பட்டவர் அவரேதான். வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, சுவரில் அடித்த கொக்கிகளுக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

ஊருக்கே மாற்றல் கேட்டுப் பார்த்தார். மேலாளர் கையை விரித்தார். "அங்க ஆள் போட்டு வருஷக்கணக்காச்சே. நீங்கதான குடும்பத்தோட இங்கேயே இருக்கப் போறேன்னு சொன்னீங்க?" அவர் பழைய அறைக்கே திரும்பினார். எலக்ட்ரீஷியனின் கட்டிலில் இப்போது வேறொரு பையன்.

அடுத்த வருஷம் ஊரில் மனைவி வீடு மாறினாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் நடுவில், மச்சினன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஒரு சாயங்காலம் மூன்று பேருமாகப் போய்ப் பார்த்து, அன்றைக்கே முடித்துவிட்டார்கள். குடிபோன பிறகுதான் போனில் சொன்னாள்.

அவர் அந்த வாரமே போனார். வாசல் சாக்கடையில் மூடி பாதி இல்லை. பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. எதிரில் ஒரு வெல்டிங் பட்டறை. பார்த்ததையெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றார்.

முகம் கழுவப் போனார். குளியலறை இருட்டாக இருந்தது. சுவரைத் தடவித் தடவி ஒரு சுவிட்சைத் தட்டினார். கூடத்தில் விளக்கு அணைந்தது. இன்னொன்றைத் தட்டினார், எங்கோ மின்விசிறி ஓடியது.

"அப்பா, அது இல்ல," என்று மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். எழுந்து வந்து அவர் கைக்கு மேலாகத் தன் கையை நீட்டிச் சரியான சுவிட்சைப் போட்டுவிட்டு, வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல, "துண்டு கொடியில இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனாள்.