ஆணியில் மாட்டிய அளவு நாடா

வசுமதிபென் அளவு நாடாவோடு சந்துக்குள் இறங்கினால் போதும், ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அகமதாபாத்தின் பழைய நகரத்தில் அந்தச் சந்துக்காரர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இருக்காதா பின்னே? அவள் வரைந்து கொடுத்த வீட்டில் நகராட்சி அலுவலகத்துக்காரர்கள் 'பாரம்பரியக் கட்டடம்' என்று தகடு அடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் ஒரு செங்கல்லை அசைக்க முடியாது. இடித்துக் கிடங்கு கட்ட வாங்குகிறவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. செதுக்கிய தூண், உத்திரத்துக் கிளி, முற்றத்து மழைநீர்த் தொட்டியின் மூடி, ஒன்றையும் விடமாட்டாள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வராது. காரை இடுக்கில் ஆணி செருகி, அதில் மாட்டித்தான் அளப்பாள். கனுபாய் வீட்டை அளந்த அன்று அவன் மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீரையே கொட்டினான்.

"பொண்ணு கல்யாணத்துக்கு விக்க இருந்த வீடு! நீ நல்லா இருப்பியா?"

"நூத்தம்பது வருஷத் தேக்கு, கனுபாய்."

"தேக்கை என்ன, ரொட்டிக்குத் தொட்டுக்கவா?"

நனைந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தாள், அழுத்தக்காரி.

இந்த மழைக்காலத்தோடு அவள் முழங்கால் அடியோடு போய்விட்டது. அதே சந்தில்தான் அவள் வீடும்; மூன்று மாடிக்கும் ஏணி மாதிரி செங்குத்தான படி; ஏறினால் கண்ணில் நீர் வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிப்ட் வைத்த வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். இதை விற்றால்தான் அது கிடைக்கும். இடித்துக் கட்ட வாங்குகிறவன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

சனிக்கிழமை அலுவலக அதிகாரி வந்தார், சந்தின் வரைபடத்தை முடித்துக் கையெழுத்துப் போட. பறவைகளுக்கு இரை வைக்கும் கம்பத்தடியில் தாள்களை விரித்தார்கள். கனுபாய் வீடு வீடாக விரல் வைத்து எண்ணினான். நாற்பத்து மூன்றில் விரல் நின்றது. அங்கே வெறும் கட்டம்.

"இது யார் வீடும்மா? தூணைக் காணோம், கிளியைக் காணோம், மொட்டையா நிக்குதே!"

சுற்றியிருந்தவர்கள் 'ஓ'வென்று சிரித்தார்கள். வசுமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. கால்வலியால்தான் தன் வீட்டை வரையாமல் தள்ளிப்போட்டதாக இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வரையறதுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக்கட்டுமா, வசுமதிபென்?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் லிப்ட் வீடு அவளுடையது. அந்த முகங்களை அவள் மனதார வெறுத்தாள். தன்னை அதைவிட வெறுத்தாள்.

"எழுதாதீங்க. இன்னிக்கே வரைஞ்சு தரேன்."

வீட்டு வாசலில் அவள் ஆணியை எடுத்ததும் கனுபாய் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"ஆணி எதுக்கு? நான் பிடிக்கிறேன்."

அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சந்தில் எல்லா ஜன்னல்களும் திறந்துகொண்டன.

"இழுத்துப் பிடி, தொங்குது!" என்று சீறினாள். "ஒரு நூல் தப்பினாலும் மறுபடி அளக்க வைப்பேன். மேல்மாடியிலேர்ந்து ஆரம்பிக்கலாம், வா."

முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி முதல் படியில் வைத்தாள்.