உள்ளே இழுத்த ஆமாம்

சுவீடனின் உமேயோ நகரத்தில் ஆமாம் என்று சொல்ல நாக்குத் தேவையில்லை. உதட்டைக் குவித்து "ஷூப்" என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும், கல்யாணமே நிச்சயமாகிவிடும். மாய்லிஸுக்கு அப்படித்தான் நிச்சயமானது. "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டவள் அவள்தான். சிக்ஸ்டன் இழுத்த அந்த ஒரே மூச்சை நம்பி வாழ்க்கை முழுவதையும் தூக்கிக் கொடுத்தாள்.

சிக்ஸ்டன் பூர்மன் முதலில் இயற்பியல் படித்தார், பிறகு மொழியியல். இரண்டையும் குழைத்து, அந்த "ஷூப்"பைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். அவருடைய தங்கைகூட வாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, காபிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து ஒரு "ஷூப்" இழுத்து இணையத்தில் போட்டார். உலகமே சொக்கி விழுந்தது. பிரேசிலில் குழந்தைகள் இழுத்தார்கள். கொரியாவில் கல்லூரிப் பெண்கள் இழுத்தார்கள். காற்றழுத்தம் பற்றி அவர் பேச்செடுத்தால், "பாடம் வேணாம் தாத்தா, இழுங்க!" என்று எழுதினார்கள். தாத்தாவும் இழுத்தார். படித்த இரண்டு சாஸ்திரங்களும் ஓரமாகக் கைகட்டி நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகிடம் மாய்லிஸ் சொன்னாள்:

"செவ்வாய்க்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். பயமா இருக்கு சிக்ஸ்டன். கூட வர்றியா?"

பயம் என்ற சொல்லை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

"ஷூப்" என்றது முதுகு.

மாய்லிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவருக்குமாக டாக்சிக்குச் சொல்லி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தபோது, சிக்ஸ்டன் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பிவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"கிளம்பலையா?"

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு! வர்றேன்னு சொன்னியே. இதே நாற்காலியில உக்காந்து இழுத்தியே!"

சிக்ஸ்டன் யோசித்தார். "அடடா, அது மைக் டெஸ்ட் மாய்லிஸ். காதுக்குள்ள இயர்போன் இருந்துச்சு. நீ பேசினதே கேக்கல."

"அப்ப அந்த ஆமாம் யாருக்கு?"

"அது... நேயர்களுக்கு."

நேரலை அதற்குள் தொடங்கியிருந்தது. திரையில் சிவப்பு இதயங்கள் பொங்கி வழிந்தன. "பாட்டி சூப்பர்! பாட்டியும் இழுக்கட்டும்!"

மாய்லிஸ் திரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"அன்னைக்கு நான் கட்டிக்கிறியான்னு கேட்டப்ப இழுத்தியே. அதுவும் மைக் டெஸ்ட்டா?"

சிக்ஸ்டன் வாய் திறந்தார். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இதயங்கள் மட்டும் பொங்கிக்கொண்டே இருந்தன.

வாசலில் டாக்சி ஒலி எழுப்பியது. அவள் பனியில் இறங்கினாள். காலுறையோடு பின்னால் ஓடிவந்தார் சிக்ஸ்டன்.

"மாய்லிஸ்! ஆபரேஷன் முடிஞ்சதும் வீட்டுக்குத்தானே வருவே?"

அவள் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்தாள்.

அது ஆமாமா, குளிரா, விசும்பலா? தடித்த புத்தகம் எழுதிய அந்த முகம் திருதிருவென்று விழிப்பது அவளுடைய மங்கிய கண்ணுக்கும் நன்றாகவே தெரிந்தது.

விளக்கம் சொல்லாமல் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.