இரண்டு தரம் வார்த்த படகு

நான் பல்செட் செய்பவன். மன்னார் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. அதே கையால் கீரிக் கிராமத்திலுள்ள வீட்டில் சின்னக் கப்பல்கள் செய்கிறேன். பெட்டியில் வரும் துண்டுகளை வாங்கிப் பொருத்துவதில் எனக்கு ருசியில்லை. மரத்திலோ மெழுகிலோ மூலத்தை நானே செதுக்கி, அதன்மேல் சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் ரெசின் என்ற பிசினை வார்ப்பேன். தலைமன்னாருக்கு ஒருகாலத்தில் வந்துபோன பயணிகள் கப்பல்கூட அலுமாரிக்குள் நிற்கிறது.

மனைவிக்கு ரெசின் மணம் ஒத்துவராது. "இஞ்சேருங்கோ, அந்தச் சாமானை வெளியிலை கொண்டுபோய் வையுங்கோ" என்பாள். அவளே போன வருடம் ஒருநாள் என் மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாங்கள் இந்தியாவுக்குப் போன படகைச் செய்து தருவீங்களோ?"

அவளுடைய குடும்பம் பெருநிலப்பரப்பில் வயல் செய்தது. சண்டைக் காலத்தில் அப்பா, அம்மா, அண்ணன், அவள் நால்வரும் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். அப்போது அவள் சிறுபிள்ளை. அதுவரை கடலைக் கிட்டப் பார்த்ததில்லை. முகாமில் வளர்ந்து, என்னைக் கலியாணம் செய்துதான் திரும்பி வந்தாள். தாய் தகப்பன் அங்கேயே காலமானார்கள். அண்ணன் திருச்சியில் இருந்துவிட்டார்.

படம் ஒன்றும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் செதுக்கினேன்.

"இன்னும் ஒடுக்கம். விளிம்பு இவ்வளவு உயரமில்லை. கையை வெளியிலை விட்டால் தண்ணி முட்டும்."

படகு சரிவந்த பிறகு ஆட்களைச் செய்தேன், ஒவ்வொருவரும் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. மத்தியான வெக்கையில் ரெசின் சட்டென்று இறுகிவிடும், உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிடும். முதல் வார்ப்பில் மாமாவின், அதாவது அவளுடைய அப்பாவின், தலையில் ஒரு குழி விழுந்திருந்தது.

"அப்பாவை இப்பிடி வைக்கேலாது" என்றாள்.

அடுத்த தரம் விடியற்காலையில், நூல்போல மெல்ல ஊற்றி வார்த்தேன். குழி இல்லை. சாவணம் என்ற சின்ன இடுக்கியால் ஆட்களை அவளே எடுத்து வைத்தாள். முன்பக்கம் அப்பா, அவர் மடியில் அவள். பசை பூசி ஒட்டிவிட்டாள்.

இந்த வருடம் அண்ணன் எங்களைப் பார்க்க வந்தார். படகைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"படகு இதுதான் மச்சான். ஆனால் அப்பா முன்னுக்கு இருக்கேல்லை."

"இருந்தவர்" என்றாள் என் மனைவி. "நான் அவரின்ரை மடியிலை இருந்தனான். எனக்குத் தெரியாதோ?"

"நீ என்ரை மடியிலை இருந்தனீ. படகுக்குள்ளை தண்ணி வந்துகொண்டிருந்தது. அப்பா பின்னுக்கு நிண்டு இறைச்சுக்கொண்டே வந்தவர். கரை காணுமட்டும் அவர் இருக்கேயில்லை."

அவள் எழுந்து சமைக்கக் குசினிக்குள் போனாள். நானும் போகவில்லை, அவரும் போகவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் மூவரும் மீன் விலையைப் பற்றித்தான் கதைத்தோம்.

மறுநாள் காலை தேத்தண்ணீரோடு வந்து கேட்டாள்: "அந்த அச்சு இன்னும் இருக்கோ?"

"ஓம்."

"அண்ணா சொன்ன மாதிரி ஒண்டு செய்யுங்கோ."

உட்கார்ந்த உருவத்தை நிற்க வைக்க முடியாது. மாமாவை மட்டும் குனிந்து நிற்பவராகப் புதிதாகச் செதுக்கினேன். ஆட்களை இம்முறை அண்ணன் வைத்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். சின்னப் பெண்ணின் உருவத்தை மட்டும் அவரிடமிருந்து வாங்கி, அண்ணனின் மடியில் தானே வைத்தாள்.

அவர் புறப்படும் நாளில் புதிய படகை ஒரு பெட்டிக்குள் பஞ்சு வைத்து அடுக்கினேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"இது இஞ்சை இருக்கட்டும் மச்சான். எனக்கு மற்றதைத் தாங்கோ. இவள் அப்பாவின்ரை மடியிலை இருக்கிறதை."

மனைவி அலுமாரியைத் திறந்து தன் படகை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு புதியதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாவின்ரை கை வெறுங்கையாக் கிடக்கு. என்னத்தாலை இறைக்கிறது? ஒரு தகரப் பேணி செய்து குடுங்கோ" என்றாள்.

மருந்து வில்லைகளின் வெள்ளித் தாளை வெட்டி, குண்டூசியில் சுற்றி, ஒரு பேணி செய்யத் தொடங்கினேன்.