பூட்டுக்காரருக்கு வந்த முப்பத்தொரு அழைப்புகள்

என் சித்தி செய்யும் வேலையை நாலு பேருக்கு விளக்கி முடிப்பதற்குள் வாயில் ஈ புகுந்துவிடும். ஒரு கடையின் வலைத்தளத்துக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு பக்கம் தெரியுமே, அதைத் திருத்துவதுதான் வேலை. வந்தவர் வந்த வழியே ஓடிவிடக் கூடாது. ஐந்து பேர் உட்காரும் அலுவலகம், ஜன்னலை அடைத்து நிற்கும் பிரிண்டர், நாற்பத்தோரு வயதில் ஒப்பந்த வேலை.

அவளுடைய முறை எளிது. கையில் சிக்கிய ஆளைப் பிடித்து, மடிக்கணினியில் அந்தப் பக்கத்தை ஐந்து நொடி காட்டுவாள். படக்கென்று மூடுவாள். "இவங்க என்ன விக்கிறாங்க?" என்பாள். இதற்குப் பயந்தே சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு பூட்டுக்காரரின் பக்கம் வந்தது. சாவியைத் தொலைத்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பூட்டைத் திறந்து கொடுப்பவர். திரை முழுக்க அவரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதன் கீழே கடை வரலாறு இருபது வரி. தொலைபேசி எண் அதற்கும் கீழே, பாதாளத்தில். சித்தி எனக்குக் காட்டி மூடினாள்.

"என்ன விக்கிறாரு?"

"மீசை."

முறைத்தாள். ஆனால் எதிர்வீட்டு அக்காவும் "முடிவெட்டுற கடையா?" என்று கேட்டதும் குறித்துக்கொண்டாள்.

சித்தியின் மேனேஜர் கெடு வைத்திருந்தார். வாரத்துக்கு ஏழு அழைப்பு வருவது, மூன்றாவது வாரத்தில் பதினாலாக வேண்டும். ஆகாவிட்டால் பூட்டுக்காரர் கணக்கை முடித்துக்கொள்வார். அவரோடு சித்தியின் ஒப்பந்தமும் முடியும்.

சித்தி வரலாற்றைத் தூக்கினாள், அவர் படத்தைக் கீழே இறக்கினாள். 'வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டீர்களா? அரை மணியில் வருகிறேன்' என்று மேலே ஒரு வரி. அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டன். அமுக்கினால் நேராக அவருக்குப் போன் போகும்.

"என்ன மேடம், என்னையக் கீழ தள்ளிட்டீங்க?" என்றார் பூட்டுக்காரர்.

"வெளிய நின்னு தவிக்கிறவனுக்கு உங்க மூஞ்சி எதுக்குண்ணே? நம்பர் போதும்."

மூன்றாவது வாரம் முப்பத்தொரு அழைப்பு. சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே பூட்டுக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், போன் அடிக்குது, எடுக்கறதுக்குள்ள கட்டாகுது. பத்தொம்பது தடவை! எல்லாம் ஒரே நம்பர். எவனோ வெளாடுறான்."

வீட்டில் எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பின. என் வரலாறு அப்படி. இந்த ஒரு தடவை நான் நிரபராதி. அவர் எண்ணை வாசிக்க வாசிக்க, கடைசி நாலு இலக்கத்தைச் சித்தியே சொல்லி முடித்தாள். சித்தப்பாவின் நம்பர்.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் மனுஷன்.

"ஏங்க, எதுக்கு அமுக்குனீங்க?"

"பட்டன் நல்லா இருந்துச்சு."

"பத்தொம்பது தடவையா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு, மூணுதான். ஒருத்தரும் வரலேன்னா நீ சாப்பிடாம உக்காந்திருப்ப. அதான், கூட்டத்துக்கு ஒரு ஆளா நின்னேன்."

"உங்களுக்கு எந்தக் கதவுங்க பூட்டிக்கிச்சு?"

"நீ கோவிச்சா பூட்டிக்குமில்ல."

சித்தி சிரிக்கவில்லை. முப்பத்தொன்றில் பத்தொன்பது போனால் பன்னிரண்டு. கெடுவுக்கு இரண்டு குறைவு. மேனேஜருக்கு இது தெரியாது. யாரும் சொல்லப்போவதும் இல்லை. மறுநாள் காலையில் சித்தி பன்னிரண்டு என்று எழுதி எடுத்துப் போனாள். பக்கத்தில், 'மீதி என் வீட்டுக்காரர்.'

அதன் பிறகு நடந்ததைச் சித்தியே எங்களுக்கு நடித்துக் காட்டினாள். மேனேஜர் தாளைப் பார்த்தாராம். பூட்டுக்காரரை ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டாராம்.

"இருங்க சார்," என்றாராம் பூட்டுக்காரர். "முன்ன வந்த ஏழுல நாலு பேரு கீ செயின் வெலை கேப்பாங்க. இந்தப் பன்னெண்டு பேரும் நெசமாவே வாசல்ல நின்னவங்க. ஒருத்தரு இடுப்புல துண்டோட! மேடம் செஞ்சது அப்படியே இருக்கட்டும்."

ஒப்பந்தம் ஆறு மாதம் நீண்டது. வீட்டுக்கு வந்ததும் சித்தி முதல் வேலையாகச் சித்தப்பாவின் போனைப் பிடுங்கி, அந்தப் பக்கம் அதில் திறக்காதபடி அடைத்தாள்.

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

"இந்த விஷயத்துல இல்லீங்க."

"வேற எதுல இருக்கு?"

சித்தி போனை அவர் சட்டைப் பையில் தானே வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.