ஓரெழுத்து மேஸ்திரி

விரலை மடக்கிச் சுவரில் ‘டொக் டொக்’ என்று தட்டி, காதை ஒட்டிவைத்துக் கேட்கிறார் மேஸ்திரி. காலிப் பெட்டி மாதிரி கேட்டால் பெருக்கல் குறி, அந்தச் சுவரை எடுத்துவிடலாம். கெட்டியாகக் கேட்டால், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ‘இ’ என்று ஓர் எழுத்து. இருக்கட்டும் என்று அர்த்தமாம்.

பழைய கோர்ட்டுக் கட்டடம். இப்போது அடுக்கு வீடுகளாகிறது. குற்றவாளிக் கூண்டு நின்ற இடத்தில் ஒரு சமையலறை வருகிறது. “இனிமே புருஷங்களுக்குத்தான் இங்க விசாரணை” என்பாள் அவர் மனைவி. மாடி ஜன்னல்களில் பழைய பெயின்டைச் சுரண்டுவது அவள் வேலை.

“முழுசா எழுதினா கை தேஞ்சிடுமா?” என்று அவள் கேட்டால், “செவுத்துல என்ன கதையா எழுதறது?” என்பார். போனில் அவள் மூச்சுவிடாமல் பேசினாலும் இவர் பக்கத்திலிருந்து வருவது ஒரே ஒரு ‘ம்’தான். “எனக்கும் ஓரெழுத்துதானா!” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு டீ குடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே உறைந்துபோனார். உள்ளே சம்மட்டிச் சத்தம்! மாடியின் மொத்தக் கனத்தையும் தாங்குகிற நடுச்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. மேலே உத்தரம் முனகியது. காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

“யார்றா இடிக்கச் சொன்னது?”

காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள் திருதிருவென்று விழித்தான். “நீங்கதாண்ணே. ‘இ’ன்னு போட்டிருந்தீங்களே... இடின்னு நெனச்சேன்.”

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். அந்த ஓட்டைக்கு நேர் மேலே, மாடியில்தான் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“எறங்குடி! போட்டது போட்டபடி ஓடியா!”

“இந்த மூலைய முடிச்சிட்டு வரேன்” என்றது மாடிக் குரல்.

“அய்யோ, உன் கால்ல விழறேன், வாடி!”

அப்படி அவர் அலறி அவள் கேட்டதே இல்லை. பதறிப்போய் எழுந்து ஓடிவந்தாள். கடைசிப் படியில் அவள் கால் வைத்தபோது பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம். அவள் உட்கார்ந்திருந்த முக்காலி, காரைக் குவியலோடு கீழே கிடந்தது.

இரும்பு முட்டுகளைக் கொடுத்து மிச்சத்தை நிறுத்தினார்கள். பிறகு மேஸ்திரி அடுத்த சுவரிடம் போனார். அங்கேயும் ஓர் ‘இ’ இருந்தது. மீதியை எழுதக் கையைத் தூக்கினார். சாக்பீஸ் நழுவி விழுந்து உடைந்தது.

அவள் ஒரு துண்டைப் பொறுக்கி, அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ‘ருக்கட்டும்’ என்று எழுதினாள்.