வாப்பாவின் கழா நோன்பு

வாப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். எழுபத்தெட்டு வயதில் வெட்டி எடுக்க முடியாதாம். மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசி, வீட்டில் காலையும் மாலையும் குளிசை. இரண்டையும் அளவு குறைத்துச் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சக் காலம் நீட்டலாம், சுகப்படுத்த முடியாது என்றார். வெளியே கதிரையில் இருந்த வாப்பாவிடம், "வயித்துப் புண்தான். ரெண்டு மருந்து சேத்துத் தாராங்க, சுகமாகிரும்" என்றேன். வாய் கூசவே இல்லை.

கற்பிட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாலாவியில் பஸ் மாற வேண்டும். அவர் வேலை செய்த உப்பளம் அங்கேதான். "சுகமானதும் ஒரு நாளைக்கு இறங்கிப் பாத்துட்டுப் போவோம் மகள்" என்பார். ஓம் என்பேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு கால் விறைத்தது, சோறு இறங்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டுக் குளிசையை மட்டும் தொடரச் சொன்னார் டொக்டர். எனக்கு நெஞ்சு உடைந்துபோனது. வாப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். ஊசி இல்லையென்றால் புண் ஆறுகிறது என்று அர்த்தமாம்.

நோன்பு வந்தது. பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்பள வெயிலிலும் நோன்பை விடாத மனிதர் என் முகத்தைப் பார்த்தார். "கழாதானே? பெருநாளைக்குப் பொறகு பிடிச்சிரலாம்."

சுகமாகிற நோயாளி விட்ட நோன்பைப் பிறகு பிடிப்பார், அதுதான் கழா. சுகமாகாதவருக்கு அது இல்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டும்.

"கழாதான் வாப்பா."

அவரிடம் பொய் சொல்லலாம், அல்லாஹ்விடம் முடியுமா? முப்பது நோன்புக்கும் முப்பது பை அரிசி கட்டிக் குசினி மூலையில் சாக்கால் மூடி வைத்தேன். கண்டுபிடித்தால், வீட்டில் ஆளுக்கொரு பங்கு கொடுக்கும் பெருநாள் பித்ரா அரிசி என்று சொல்லிவிடலாம். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் குளிசைக்குத் தண்ணீர் எடுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே குசினிக்குப் போயிருக்கிறார். நான் போய்ப் பார்க்கும்போது சாக்கு விலகியிருந்தது.

"பித்ரா அரிசி வாப்பா."

"இந்த வீட்டில நாம ரெண்டு பேர்தானே மகள்."

பைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பதாவது பையில் கையை வைத்தபடி நின்றார். பிறகு, "குருணை இல்லாத அரிசியாப் பாத்துக் குடுங்க" என்றார். குளிசையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

அதன் பிறகும் இரண்டு தடவை பாலாவியில் பஸ் மாறினோம். உப்பளத்தைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை. கதைத்திருந்தால் நான் மறுபடியும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.