"வரோம்" என்று சொன்ன ஏஜென்ட்

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் லோரி கம்பெனிக்கு ஏஐ ஏஜென்ட் ஒன்றைக் கொண்டுவரப் போவதாக முதலாளி சொன்னபோது, முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான்தான். டிரைவர்களின் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவதும் ஆபீஸ் நாள்காட்டியைக் கவனிப்பதும் அதுவரை என் வேலை. ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டேன். எந்த லோரி எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ள, நான் மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

தீபாவளி நெருங்கியது. பந்திங்கில் இருக்கும் எங்கள் டிரைவர் அண்ணன் வருடம் தவறாமல் அழைப்பார்: "தீபாவளிக்கு மறுநாள் நம்ம வீட்டுல ஓப்பன் ஹவுஸ் விருந்து, எல்லாரும் வாங்க லா." நாங்களும் வருடம் தவறாமல் "பாக்குறோம் அண்ணே" என்போம். அப்படிச் சொன்னால் வரமாட்டார்கள் என்று இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை. நாள்காட்டி காலியாக இருந்ததைப் பார்த்து, "நன்றி அண்ணே, எல்லாரும் கட்டாயம் வரோம்" என்று பதில் போட்டுவிட்டது.

தீபாவளி காலையில் "நாளை பந்திங்கில் விருந்து" என்று நினைவூட்டல் வந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. சும்மா போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்று எனக்குக் கோபமான கோபம். ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"ஆபீஸே வருதுன்னு எங்க கம்பத்துல ஊர் முழுக்கச் சொல்லிட்டாரு தங்கச்சி. காலையிலேயே போய் ஆட்டுக்கறி வாங்கியாந்துட்டாரு. வந்துருவீங்கல்ல?"

வாய்வரை வந்த சாக்கை விழுங்கிவிட்டேன். நாங்கள் போகாவிட்டால் அந்த மனிதர் அக்கம்பக்கத்தில் எப்படித் தலைகாட்டுவார்?

மறுநாள் போனோம், முதலாளி உட்பட. அண்ணன் வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, "எங்க ஆபீஸ், எங்க ஆபீஸ்" என்று அறிமுகம் செய்தார். எனக்குச் சந்தோஷமாகவும் கூச்சமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் பதில் போட்டது நாங்க இல்ல. மெஷின்."

அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

"தெரியும் லா தங்கச்சி. இத்தனை வருஷத்துல வரோம்னு சொன்னது அது ஒண்ணுதான."

ஏஜென்ட் இப்போதும் இருக்கிறது. லோரி, கிடங்கு எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டு அழைப்பு வந்தால் மட்டும் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் பந்திங் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. நாள்காட்டியைக்கூடப் பார்க்காமல், "வரோம் அண்ணே" என்று நானே போட்டேன்.